படைப்பணியும் குடும்பத்தினரின் மனநலமும்: கோவை மண்டலக் குடும்பங்களுக்கான விளக்கம்

இராணுவம், கடற்படை, விமானப்படை, துணை இராணுவப் படைகள் ஆகியவற்றில் ஒருவர் பணிபுரியும்போது, அப்பணியின் சுமையில் ஒரு பகுதியை அவருடைய வீட்டாரும் சுமக்கின்றனர். படைவீரரின் மனைவி அல்லது கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்காகவும், ஓய்வு பெற்று வீடு திரும்பியவரைப் பராமரிப்போருக்காகவும் இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. எது இயல்பான மன உளைச்சல், எது சிகிச்சை தேவைப்படும் நோய், உதவியை எங்கே பெறலாம் என்பனவற்றை இங்கே அறியலாம்.

உடனடி உதவி: உங்களுக்கோ வீட்டில் உள்ளவருக்கோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பின் இப்பக்கத்தைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடாதீர்கள். 14416 (டெலி மனாஸ்) அல்லது 104 என்னும் எண்ணை அழையுங்கள். நஞ்சு அருந்தியிருந்தால், அளவு சிறிதாயினும், 108 ஆம்புலன்ஸை அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கொங்கு மண்டலத்தில் இது ஏன் பேசப்பட வேண்டும்?

சூலூரில் விமானப்படைத் தளம் உள்ளது. கோவை ரெட்பீல்ட்ஸ் பகுதியில் விமானப்படை நிர்வாகக் கல்லூரியும், ஐ.என்.எஸ். அக்ரணி கடற்படைப் பயிற்சி நிலையமும் இயங்குகின்றன. மலையேறினால் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம். உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி நடைபெறுகிறது. மேற்கு மாவட்டங்களின் இளைஞர்கள் கோவை ஆட்சேர்ப்பு அலுவலகத்தின் வழியாகப் படையில் சேருகின்றனர்.

ஆகவே இம்மண்டலத்தில் இருவகைக் குடும்பங்கள் உள்ளன. முதல் வகையினர் படைத்தளக் குடியிருப்புகளில் வாழ்வோர். பெரும்பாலும் பிற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அக்கம்பக்கம் படைக்குடும்பங்களாக இருப்பினும் சொந்தபந்தம் அருகில் இல்லை. இரண்டாம் வகையினர், படைவீரர் காஷ்மீரிலோ அசாமிலோ இருக்க, பொள்ளாச்சியிலோ கோபியிலோ தாராபுரத்திலோ வீட்டைக் காப்போர். இவர்களுக்குச் சொந்தபந்தம் உண்டு. ஆனால் படைவாழ்வை அறிந்தவர் அருகில் இல்லை. முதல் வகையினரைத் தனிமை வாட்டும். இரண்டாம் வகையினரைப் பொறுப்பு அழுத்தும்.

ஆபத்து எல்லைக்கோட்டில் மட்டும் இருப்பதாக எண்ண இயலாது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து நொறுங்கியதில், முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 13 பேர் அன்றே உயிரிழந்தனர். சிகிச்சையில் இருந்த மற்றவர் டிசம்பர் 15 அன்று காலமானார். அமைதியான பணியிடம் எனக் கருதப்படும் தளங்களில் வாழும் குடும்பங்களுக்கும் அச்சம் உண்டு என்பதை அந்நிகழ்வு நினைவூட்டியது.

பிரிவின் ஐந்து கட்டங்கள்

குடும்பத்தினரின் மனநிலை பிரிவின்போது ஒரே சீராக இருப்பதில்லை. அமெரிக்க இராணுவ மனநல மருத்துவர்கள் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்று அதனை 5 கட்டங்களாக வகுத்தது. நம் குடும்பங்களுக்கும் அது பெருமளவு பொருந்தும்.

1. புறப்படும் முன்: விடுப்பு முடியும் வாரத்தில் காரணமற்ற சண்டைகள் எழும். பிரிவைத் தாங்க மனம் தன்னை முன்கூட்டியே விலக்கிக்கொள்வதன் விளைவு இது. அன்பு குறைந்ததற்கான அடையாளமன்று.
2. புறப்பட்ட முதல் மாதம்: வெறுமை, தூக்கமின்மை, சில வேளைகளில் நிம்மதியும் அந்நிம்மதியால் எழும் குற்றவுணர்வும்.
3. நடுக்காலம்: வீடு புதிய ஒழுங்குக்குப் பழகுகிறது. வங்கி, பள்ளி, தோட்டம், மருத்துவமனை அனைத்தையும் ஒருவரே நடத்துகிறார். பலர் இக்கட்டத்தில் வலிமை பெறுகின்றனர். சிலர் உள்ளுக்குள் சோர்கின்றனர்.
4. திரும்பும் முன்: எதிர்பார்ப்பும் பதற்றமும்.
5. திரும்பிய பின்: மகிழ்ச்சியைத் தொடர்ந்து உரசல். வீட்டின் முடிவுகளை இனி யார் எடுப்பது என்னும் கேள்வி எழுகிறது.

இவ்வுணர்வுகள் நோயல்ல. அவை நீங்காது நிலைத்து, அன்றாடக் கடமைகளைத் தடுக்கும்போதுதான் நோயாகக் கருதப்படும்.

யாரை எவ்வாறு பாதிக்கிறது?

மனைவி: அமெரிக்க இராணுவத்தினரின் மனைவியர் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வில், கணவர் போர்முனைக்குச் சென்றிருந்தவர்களிடையே மனச்சோர்வு, தூக்கக் கோளாறு, பதற்ற நோய் ஆகியவை கூடுதலாகக் கண்டறியப்பட்டன. பிரிவு நீண்டவர்களிடம் பாதிப்பும் மிகுந்திருந்தது. நம் வெளிநோயாளர் பிரிவுகளுக்கு வரும் பெண்களில் பலர் “மனம் சரியில்லை” என்று சொல்வதில்லை. நெஞ்சு படபடப்பு, தலைபாரம், உடல் எரிச்சல், வயிற்றுப் பொருமல், ஓயாத களைப்பு என்றே சொல்கின்றனர். இரத்தப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் இயல்பாக இருந்து தொல்லை மட்டும் தொடர்ந்தால், “என் கணவர் படையில் இருக்கிறார்; சரியாகத் தூங்கிப் பல வாரம் ஆகிறது” என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் தேவையற்ற பரிசோதனைகள் பலவற்றைத் தவிர்க்கும்.

கருவுற்ற காலமும் மகப்பேற்றுக்குப் பிந்தைய மாதங்களும் தனிக் கவனத்துக்குரியவை. குழந்தை பிறந்த சில நாள்களில் தோன்றும் அழுகையும் மனத்தளர்வும் இரண்டு வாரங்களுக்குள் தணியும். அதற்குப் பின்னும் தொடர்ந்தாலோ, குழந்தையின்மீது பற்று வரவில்லை எனத் தோன்றினாலோ, கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும். தாய்வீட்டில் இருக்கும் பெண்ணைக் கவனிக்கும் அன்னையும் இதனை அறிந்திருத்தல் நலம்.

பெற்றோர்: தோட்டத்துச் சாளையில் தனியே வாழும் முதியோர், மகனுக்குக் கவலை தரலாகாது என்று தம் நோயை மறைக்கின்றனர். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரையைப் பாதியில் நிறுத்துகின்றனர். 2024இல் பல்லடம் பகுதியிலும் 2025இல் சிவகிரி பகுதியிலும் தோட்டத்து வீடுகளில் நிகழ்ந்த கொலைகளுக்குப் பின், தனித்து வாழும் முதியோரின் அச்சமும், தொலைவில் பணிபுரியும் பிள்ளைகளின் அச்சமும் பெருகியுள்ளன. இவ்வச்சம் மனத்தின் கற்பனையன்று. எனவே ஆறுதல் மொழி மட்டும் போதாது. இரவில் துணைக்கு ஆள், வெளி விளக்கு, காவல் நிலைய எண், நாள்தோறும் ஒரே நேரத்தில் ஓர் அழைப்பு ஆகிய ஏற்பாடுகள் தூக்க மாத்திரையை விட மிகுதியாக உதவும்.

பிள்ளைகள்: குழந்தை தன் துயரத்தைச் சொற்களால் கூறுவதில்லை; நடத்தையால் காட்டுகிறது.

- 3 வயதுக்குட்பட்ட குழந்தை விடுப்பில் வந்த தந்தையை அறியாது அழலாம். அது வெறுப்பன்று. சில நாள் அருகிருந்தால் மாறும். வற்புறுத்தித் தூக்க வேண்டாம்.
- பள்ளி வயதுக் குழந்தை மீண்டும் படுக்கையில் சிறுநீர் கழித்தல், வயிற்றுவலி எனக் கூறிப் பள்ளிக்குச் செல்ல மறுத்தல் ஆகியவற்றைக் காட்டலாம்.
- வளரிளம் பருவத்தினர் சினத்தை வெளிக்காட்டலாம். அல்லது வீட்டின் முழுப் பொறுப்பையும் தாமே ஏற்று, வயதுக்கு மீறி முதிர்ந்துவிடலாம். “எங்கள் வீட்டு ஆம்பளை இனி நீதான்” என்று 12 வயதுச் சிறுவனிடம் சொல்லாதீர்கள்.

இடமாற்றத்தால் இந்தி வழிச் சூழலிலிருந்து தமிழ்ச் சூழலுக்கோ, தமிழிலிருந்து இந்திக்கோ மாறும் பிள்ளையின் மதிப்பெண் ஓராண்டு குறையலாம். அதனைச் சோம்பலாகக் கருத வேண்டாம். ஆசிரியரிடம் சூழலை விளக்குங்கள்.

போர்ச் செய்திகளும் வதந்திகளும்

1999 கார்கில் போரின்போது செய்தி மறுநாள் நாளிதழில் வந்தது. 2020 ஜூன் மாதம் கல்வானிலும் 2025 மே மாதம் மேற்கு எல்லையிலும் மோதல்கள் நிகழ்ந்தபோது, உண்மையும் பொய்யும் கலந்து நிமிடத்துக்கு நிமிடம் கைப்பேசியில் வந்தன. இத்தகைய நாள்களில் பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்.

- காலை, மாலை என ஒரு நாளில் இரு முறை மட்டும் நம்பகமான செய்தியைப் பாருங்கள். குழந்தைகள் முன்னிலையில் தொலைக்காட்சியை ஓடவிடாதீர்கள்.
- அழைப்பு வராமை தீய செய்தியன்று. நடவடிக்கைக் காலத்தில் கைப்பேசிக்குத் தடை இருக்கும்; உயரமான மலைமுகாம்களில் தொடர்பே கிடைக்காமலும் போகலாம்.
- வாட்ஸ்அப்பில் வரும் பெயர்ப்பட்டியல்களை நம்பாதீர்கள், பகிராதீர்கள். குடும்பத்துக்குரிய தகவல் படைப்பிரிவிலிருந்து முறைப்படி வந்து சேரும்.
- படைப்பிரிவின் பெயர், தொடர்பு எண், அவருடைய பணி எண் ஆகியவற்றை எழுதி வீட்டில் இருவர் அறிய வைத்திருங்கள்.
- முகாமின் இடத்தையும் நகர்வையும் சமூக ஊடகத்தில் எழுதாதீர்கள்.

விடுப்பில் வரும்போது

இராணுவ வீரருக்குப் பொதுவாக ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. அக்னிபத் திட்டத்தில் சேரும் அக்னிவீரருக்கு ஆண்டுக்கு 30 நாள். இந்நாள்களுக்குள் கோயில் நோம்பி, உறவினர் சீர், வீட்டுப் பழுது, வங்கிக் கடன், வழித்தடத் தகராறு அனைத்தையும் அடக்க முயல்வதால், ஓய்வுக்கென வந்தவர் களைத்துத் திரும்புகிறார். முதல் மூன்று நாள் எந்த வேலையும் வைக்காதீர்கள். கணவன் மனைவிக்கெனவும் பிள்ளைகளுக்கெனவும் சில நாள்களை முன்பே ஒதுக்குங்கள்.

நிலவழக்கு இருப்பின், பணியில் உள்ள படைவீரரின் நலனைக் காக்க இந்தியப் படைவீரர்கள் (வழக்காடல்) சட்டம், 1925 நடைமுறையில் உள்ளது. போர்ச் சூழலிலோ சிறப்புச் சூழலிலோ பணிபுரிவோர் நேரில் வர இயலாதபோது வழக்கை ஒத்திவைக்க அச்சட்டம் வழிசெய்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இது குறித்துக் கேளுங்கள். தீராத வழக்கு ஒன்று குடும்பத்தின் உறக்கத்தைப் பல ஆண்டுகள் கெடுக்கக்கூடும் என்பதால் இதனை இங்கே குறிப்பிடுகிறோம்.

ஓய்வு பெற்று வீடு திரும்பிய பின்

படைவீரர் பலர் 40 வயதை ஒட்டியே ஓய்வு பெறுகின்றனர். சீருடை, தோழர், நேர ஒழுங்கு, மதிப்பு ஆகிய யாவும் ஒரே நாளில் விலகுகின்றன. மறுபுறம், பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வீட்டைத் தனியே நடத்திய மனைவிக்கு, திடீரெனக் கட்டளையிடும் ஒருவருடன் வாழப் பழக வேண்டியுள்ளது. இருவரும் தவறு செய்யவில்லை. இருவரும் இருவேறு ஒழுங்குகளில் வாழ்ந்துள்ளனர். வரவுசெலவு, பிள்ளைகளின் படிப்பு, தோட்ட வேலை ஆகியவற்றில் யாருக்கு எது என வெளிப்படையாகப் பேசிப் பிரித்துக்கொள்வது உரசலைக் குறைக்கும். நான்கு ஆண்டுகளில் வெளிவரும் அக்னிவீரருக்கு ஓய்வூதியம் இல்லை என்பதால், அவர்தம் பெற்றோருக்கு வருங்காலம் குறித்த கவலை முன்னதாகவே தொடங்கும். திரும்பி வரும் ஆண்டுக்கு முன்பே அடுத்த படிப்பையும் வேலையையும் திட்டமிடுங்கள்.

கொடிய நிகழ்வுகளைக் கண்ட ஒருவரிடம் பின்வரும் அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், அது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோயாக இருக்கலாம்: நிகழ்வு கனவிலும் நனவிலும் மீண்டும் தோன்றுதல், அதனை நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் தவிர்த்தல், உணர்ச்சி மரத்துப்போதல், சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல், அடக்க இயலாச் சினம். இது கோழைத்தனமன்று, சிகிச்சையால் குணப்படுத்தக்கூடிய நோய். கோயில் திருவிழா வெடியோசை அவரை நடுக்கினால் எள்ளி நகையாட வேண்டாம். உறக்கத்தில் இருப்பவரைத் தொட்டு எழுப்பாது, சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லி அழையுங்கள்.

மது, நஞ்சு, துப்பாக்கி

உறக்கம் வராதவர் மதுவை மருந்தாகக் கொள்வதுண்டு. மது தூக்கத்தைத் தொடங்கி வைத்தாலும் நள்ளிரவில் கலைக்கும்; மனச்சோர்வை வளர்க்கும். படை கேன்டீனில் குறைந்த விலையில் கிடைப்பது இப்பழக்கத்தை எளிதாக்குகிறது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரைத் திடீரென நிறுத்தச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நிறுத்திய 6 மணி நேரத்திலிருந்து 4 நாள்களுக்குள் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்படலாம். உயிருக்கும் ஆபத்து நேரலாம். மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்துவதே பாதுகாப்பானது.

வேளாண் குடும்பங்களில் பூச்சிக்கொல்லி எப்போதும் கையெட்டும் தொலைவில் இருக்கும். வீட்டில் ஒருவர் மனம் நொந்திருந்தால், மருந்துப் பெட்டியைப் பூட்டித் திறவுகோலை வேறொருவரிடம் கொடுங்கள். இயலுமாயின் வீட்டை விட்டே அகற்றுங்கள். உரிமம் பெற்ற துப்பாக்கி இருப்பின், நெருக்கடி தீரும்வரை அதனை வீட்டில் வைக்காமல் ஒப்படைப்பதற்குக் காவல் நிலையத்தின் வழிகாட்டுதலைப் பெறுங்கள். தற்கொலை எண்ணத்தின் உச்சம் பல வேளைகளில் சில நிமிடங்களில் கடந்துபோகும். அந்நிமிடங்களில் கருவி கையில் கிடைக்காதிருந்தால் உயிர் பிழைக்கிறது.

வீரமரணத்துக்குப் பின்

அரசு மரியாதையும் ஊர்க் கூட்டமும் ஒரு வாரத்தில் கலைந்துவிடும்; துயரம் அதன் பின்னரே முழுமையாக வந்து சேரும். “நாட்டுக்காக உயிர் கொடுத்தவர், அழக் கூடாது” என்று மனைவியையும் தாயையும் தடுக்காதீர்கள். பெருமையும் கண்ணீரும் ஒருங்கே இருக்கலாம். உடல் கிடைக்காதபோதும், காணாமற்போனவராக அறிவிக்கப்பட்டபோதும் துயரம் முடிவின்றி நீளும். அக்குடும்பங்களுக்குத் தனி ஆலோசனை தேவை.

இழப்பீட்டுத் தொகை குறித்து மனைவிக்கும் பெற்றோருக்கும் இடையே எழும் மனக்கசப்பு, துயரத்தைப் பன்மடங்காக்குகிறது. முதல் சில மாதங்களில் சொத்து, மறுமணம், இடமாற்றம் ஆகியவை குறித்து யாரும் யாரையும் அவசரப்படுத்தலாகாது. பிள்ளைகளிடம் உண்மையை எளிய சொற்களில் கூறுங்கள். “அப்பா வெளியூர் போயிருக்கிறார்” என்னும் பொய், பின்னாளில் நம்பிக்கையைக் குலைக்கும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

- இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாள்களில் சோர்வு, ஆர்வமின்மை, அழுகை நீடித்தல்
- தூக்கமும் பசியும் கெட்டு, வீட்டு வேலையோ தோட்ட வேலையோ செய்ய இயலாமை
- திடீர் மூச்சுத்திணறலும் படபடப்பும் மீண்டும் மீண்டும் வருதல். முதன்முறை நேர்ந்தால் இதய நோய் இல்லை என்பதை மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்
- குழந்தையின் நடத்தை மாற்றம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தல்
- வீட்டில் அடிதடி, அல்லது நாள்தோறும் குடி
- “நான் இல்லாவிட்டால் எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள்” என்பது போன்ற பேச்சு. இதற்குக் காத்திருப்புக் காலம் கிடையாது, அன்றே அணுகுங்கள்

சிகிச்சை எவ்வாறு இருக்கும்?

மிதமான நிலையில் ஆலோசனையும் பேச்சுவழிச் சிகிச்சையும் போதும். தேவைப்படின் மருந்து தரப்படும். மனச்சோர்வுக்கான மருந்தின் பயன் பொதுவாக 2 முதல் 4 வாரங்களில்தான் தெரியத் தொடங்கும். ஒரு வாரத்தில் பலனில்லை என நிறுத்திவிடாதீர்கள். குணமடைந்த பின்னும் சில மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். மருந்துக் கடையில் தாமாகத் தூக்க மாத்திரை வாங்கி உண்பது அடிமைத்தனத்துக்கு இட்டுச் செல்லும்.

அடிக்கடி எழும் ஐயங்கள்

*நான் மனநலச் சிகிச்சை பெற்றால் என் கணவரின் பணி உயர்வு பாதிக்கப்படுமா?*
இல்லை. படைவீரரின் உடல்தகுதி மதிப்பீடு அவருடைய உடல்நலத்தையும் மனநலத்தையும் பொறுத்தது. உங்கள் சிகிச்சை அதில் இடம்பெறாது. மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 உங்கள் சிகிச்சை விவரங்களின் இரகசியத்தை உரிமையாக்கியுள்ளது.

*அவரே நோயுற்றிருந்தால்?*
அவருடைய மருத்துவ வகை சில காலம் மாற்றப்படலாம். ஆயுதப் பொறுப்பிலிருந்து விலக்கப்படலாம். குணமடைந்த பின் மறு மதிப்பீடு உண்டு. மறைத்து வைத்த நோய் முற்றி விபரீதமாவதை விட இது எவ்வகையிலும் மேலானது.

*தற்கொலைக்கு முயன்றவர்மீது வழக்கு வருமா?*
அச்சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி, முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்படுவார்; மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றித் தண்டிக்கப்பட மாட்டார். வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைக்குக் கொண்டுவருவதைத் தாமதிக்காதீர்கள்.

உதவி பெறும் இடங்கள்

- டெலி மனாஸ் 14416: 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் கட்டணமில்லாத் தொலைபேசி ஆலோசனை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். படையினருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் எனத் தனிப் பிரிவு ஒன்று புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் தொடங்கப்பட்டது.
- கோவை, திருப்பூர், பெருந்துறை, நாமக்கல், கரூர், சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள். வட்ட மருத்துவமனைக்கு மாவட்ட மனநலத் திட்டக் குழு வரும் நாளை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.
- பணியில் உள்ளோரின் குடும்பத்தினர்: படைத்தள மருத்துவப் பிரிவுகள், வெலிங்டன் இராணுவ மருத்துவமனை, முப்படைகளின் குடும்ப நலச் சங்கங்கள்.
- ஓய்வூதியம் பெறும் முன்னாள் படைவீரரும் சார்ந்தோரும்: 2003 முதல் நடைமுறையில் உள்ள முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தின் கோவை பாலிகிளினிக்.
- ஓய்வூதியம், இழப்பீடு, கல்வி உதவி, குறைதீர்ப்பு: மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்.
- வீட்டில் வன்முறை நேர்ந்தால் பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098.

மருத்துவமனைக்கு வரும்போது, உண்ணும் மருந்துகளின் சீட்டையும், நம்பிக்கைக்குரிய ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள். படைப்பணியில் உள்ளவர் தொலைவில் இருந்தால், அவர் வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. உங்கள் சிகிச்சைக்கு அவருடைய விடுப்புத் தேதி தடையன்று.